டெஸ்டிங் பாயின் கடிகார ரேடியோ

சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பாத ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் டெஸ்டிங் பாய்தான். பேகம்பூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். நிஜப்பெயர் அவர் வீட்டாருக்காவது தெரியுமா என்பது சந்தேகம். டீ வந்தால் சாஸரில் ஒரு சொட்டு ஊற்றி ருசி பார்ப்பார். பெஞ்சை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். கல்யாணத்தில் சம்மதம் கேட்டபோது, 'ஹலோ, ஒன், டூ, த்ரீ' என்று தொண்டையைச் சரிபார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார் என்று தெருவே சத்தியம் செய்யும்.

எங்கள் ஊரான அகரத்தில் என் அப்பாவுக்கு அப்போது பார்வை முழுதாகப் போயிருந்தது. சாயங்காலம் ரேடியோவில் வரும் விவசாய நிகழ்ச்சி ஒன்றுதான் ஆறுதல். அதைப் போட்டுவிடத் தினமும் யாரையாவது கூப்பிட வேண்டியிருப்பது அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது. பாயிடம் சொன்னேன்.

"நேரமானா தானே பாடுற மாதிரி செஞ்சுட்டாப் போச்சு தம்பி. செத்த நேரத்து வேலை."

அந்தச் செத்த நேரம் ஆடியில் ஆரம்பித்துத் தையில் முடிந்தது. அலாரக் கடிகாரத்தைத் தனியாகச் சோதித்தார். ரேடியோவைத் தனியாகச் சோதித்தார். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் பூட்டி அகரத்துக்குக் கொண்டுவந்தார். நேரம் வந்ததும் ரேடியோ தானாகவே பேசத் தொடங்கியது. யாரோ உரத்தைப் பற்றிப் பேச, வார்த்தைக்கு வார்த்தை 'டக் டக்' என்றது. கடிகாரத்தின் அதிர்வு பெட்டியின் தகடு வழியாக ரேடியோ வால்வை உலுக்கி, ஸ்பீக்கரில் சம்மட்டி அடியாக விழுந்துகொண்டிருந்தது.

பாய் முகம் சுண்டிப்போயிற்று. "தனித்தனியா ரெண்டும் தங்கமாத்தேன் இருந்துச்சு. சேத்து வச்சுப் பாக்காம விட்டுட்டேனே, தம்பி."

டீயைக்கூடச் சோதித்த மனிதர்.

மறுநாளே பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிக் கடிகாரத்துக்கு அடியில் மெத்தை போட்டார். இந்த முறை ஒவ்வொரு திருகை முடுக்கும்போதும் இரண்டையும் சேர்த்தே ஓடவிட்டுக் கேட்டார். சத்தம் அடியோடு நின்றது. வெற்றிக் களையோடு அப்பாவைப் பார்த்தார்.

அப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அந்த டக் டக் எங்க பாய்? நடுவுல பேச்சு நின்னா, பொட்டி முழிச்சிருக்கா தூங்கிருச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? அது கேட்டாத்தேன் எனக்குத் தெம்பு."

பாய் திருப்புளியை எடுத்து மெத்தையை உருவினார். பிறகு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, நிகழ்ச்சி முடியும்வரை கேட்டார். அவர் செய்த சோதனைகளில் எனக்குப் பிடித்தது அதுதான்.

இரண்டு பேருமே இப்போது இல்லை. என் வீட்டு ரேடியோ துளி இரைச்சல் இல்லாமல் பாடுகிறது. எனக்கு அந்த டக் டக்தான் வேண்டும்.