முப்பது கிலோவுக்குள் ஒரு கார்

மனித குலத்தின் அமைதியைக் குலைத்த கேள்விகள் பல. அவற்றுள் தலையாயது, என் ஏழு வயது மகள் ஷிஃபா நன்னிலத்தில் கேட்டது.

"மாமா, எல்லாருக்கும் குடுத்துட்டீங்க. உங்களுக்கு என்ன கொண்டாந்தீங்க?"

கேட்கப்பட்டவர் என் தங்கை மெஹராஜ் பேகத்தின் கணவர் அஹமது கபீர். சார்ஜாவில் ஒரு பொம்மைக் கடையின் கிடங்கில் பத்தொன்பது வருடமாகப் பெட்டி அடுக்குகிறவர். அவர் விடுமுறையில் வந்ததும் பெட்டி பிரிப்பது எங்கள் குடும்பத்தின் மாபெரும் விழா. அழைப்பிதழ் கிடையாது, வராதவரும் கிடையாது. சென்ட், டார்ச் லைட், தைலம், பால்பவுடர் யாவும் "உறவின் நெருக்கத்துக்கேற்ப" வழங்கப்படும். நெருக்கம் போதாதவர்கள் அன்று காலையே நெருங்கிவிடுவார்கள்.

மச்சான் வெட்கத்தோடு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்தார். உள்ளே ஆயிரத்துச் சொச்சம் பிளாஸ்டிக் கட்டைகள். பொருத்தினால் சிவப்புக் கார்.

"இது யாருக்கு மச்சான்?" என்றேன்.

"எனக்குத்தான்."



மறுநாள் முதல் கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார். விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்தால் கட்டைகள். மாலையில் அஸர் தொழுதுவிட்டு வந்தாலும் கட்டைகள். நாற்பத்தாறு வயது மனிதர், "மெஹராஜ், இங்க வாயேன்! ஸ்டியரிங்கைத் திருப்புனா சக்கரமும் திரும்புது!" என்று கூவினார். தங்கை அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து பார்த்துச் சிரித்தாள். நோய் பரவிவிட்டதை உணர்ந்தேன்.

குடும்ப நலன் கருதி அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. தலைமை, அடியேன்.

"என்ன மாப்ளே இது, சின்னப் புள்ளையாட்டம்?" என்றார் பெரியம்மா சைத்தூன் பீவி. "தண்ணி ஓதிக் குடுக்கச் சொல்லட்டுமா?"

"இத்தனை வருசமா குலுக்கிப் பாத்துட்டு அடுக்கி வச்சிருக்கேன் மாமி. உள்ள என்னதான் இருக்குன்னு ஒரு ஆசை."

"அதான் பாத்தாச்சுல்ல?" என்றான் மச்சானின் தம்பி அப்சர். "என் புது வீட்டு ஷோகேஸ்ல நடுத்தட்டு காலியா கெடக்கு."

"இல்லடா, சார்ஜா ரூமுக்கு எடுத்துட்டுப் போலாம்னு பாத்தேன். லீவு நாள்ல சுவத்தப் பாத்துக்கிட்டுதான் கெடப்பேன். இதுன்னா கழட்டிக் கழட்டிக் கட்டலாம்."

"பெட்டியில எடம் ஏது மச்சான்?" என்றேன், தலைவருக்குரிய நிதானத்துடன்.

விமானத்தில் முப்பது கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். ஊரார் அங்கே வேலைபார்க்கும் தத்தம் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பும் ஊறுகாய், அப்பளம், கருவாடு. என் மகன் ஃபாஜிலுக்கு மட்டும் இரண்டு கிலோ முறுக்கு. நெல் மண்டியில் தராசு இரவல் வாங்கி நிறுத்தாயிற்று. சரியாக முப்பது. ஆகவே கார் ஷோகேஸுக்குள், பூட்டோடு வைக்கப்படும் என்று தீர்மானம் "ஒருமனதாக" நிறைவேறியது. அந்த ஒரு மனம் அவருடையதன்று.

"சரி மச்சான்," என்றார். பத்தொன்பது வருடமாக அவர் சொல்லிவரும் பதில்தான். மீதியிருந்த ஒரு கதவையும் பொருத்தினார். பாயின் மேல் ஒருமுறை முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்தார். ஜன்னலோரம் வைத்துவிட்டுக் கைகழுவப் போனார்.

புறப்படும் நாளன்று, தீர்மானத்தைச் செயல்படுத்தக் காரை எடுக்கப் போனேன். மச்சான் அஸர் தொழப் பள்ளிக்குப் போயிருந்தார். தங்கை மாவு மில்லில் இருந்தாள். அன்று நான் ஜமாஅத் தொழுகையைத் தவறவிட்டேன், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

காரைக் கையில் எடுத்தேன். இத்தனை கூட்டம் கூட்டிய பொருள் இவ்வளவு இலேசா!

பெட்டியின் கயிற்றை அவிழ்த்தேன். ஃபாஜிலின் முறுக்கை வெளியே எடுத்தேன். காரைப் பகுதி பகுதியாகக் கழற்றி அதன் அட்டைப்பெட்டியில் போட்டு, முறுக்கு இருந்த இடத்தில் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. கயிற்றை இறுக்கிக் கட்டித் தராசில் மாட்டினேன். முப்பதைத் தாண்டவில்லை.

முறுக்குப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொல்லைப்புறமாக வெளியேறினேன். திருடியதைத் திருப்பி வைத்தவன் வாசல் வழியாகவா போவான்?