டிவியின் முகத்துக்கு வந்த பரீட்சை

புனே நகரத்தில் எத்தனையோ லட்சம் முகங்கள் உண்டு. அத்தனையிலும் எதையுமே மறைக்கத் தெரியாத ஒரே முகம், கட்கிப் பகுதியில் என்னோடு ஒரே ஃப்ளாட்டில் குடியிருந்தது. மிகை என்று நினைக்காதீர்கள். சமையலறை வாசலில் நின்று அவள் காபியை ஒரு வாய் குடித்தால், சர்க்கரை எவ்வளவு குறைவு என்பதை ஹாலில் இருந்தபடியே நான் சொல்லிவிடுவேன்.

அவளுக்கு நான் வைத்த பெயர் டிவி. உள்ளே என்ன ஓடுகிறதோ அது அப்படியே வெளியே தெரியும். ரிமோட்டும் கிடையாது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. மருத்துவ உளவியலில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கட்டமாக ஓராண்டு ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு இங்கே வந்திருந்தாள். நான் கோயம்புத்தூர். ஹிஞ்சேவாடி ஐ.டி. பார்க்கில் வேலை. கம்பெனி வண்டியில் பாதி ஆயுளைத் தொலைத்துவிட்டு மீதியோடு வீடு திரும்புவேன்.

திரும்பியதும் எனக்கு ஒரே குடைச்சல்தான். மனசைத் திறக்க வருகிறவர்கள் ஆஸ்பத்திரியின் ஆலோசனை அறைக்குள் அப்படி என்னதான் பேசுவார்கள்?

"இன்னிக்கு யாராவது அழுதாங்களா?" என்று தூண்டில் போடுவேன்.

"ஏட்டி, சும்மா கெட. அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது."

வாயிலிருந்து அவ்வளவுதான் வரும். வாய் பேங்க் லாக்கர். ஆனால் முகத்தைப் பார்த்தால், யாரோ நன்றாக அழுதிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

பயிற்சியில் புத்திக்கூர்மைச் சோதனை என்று ஒன்று. வண்ணக் கட்டைகளை அடுக்க வேண்டும், எண்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். முதலில் தெரிந்தவர்களிடம் செய்து கைபழக வேண்டுமாம். அதில் முக்கியமான விதி, எதிரே இருப்பவர் செய்வது சரியா தப்பா என்பது சோதிப்பவர் முகத்தில் தெரியவே கூடாது. விளங்கின மாதிரிதான்!

என்னை உட்கார வைத்தாள். நான் தப்பான கட்டையைத் தொட்டால், சாம்பாரில் இரண்டாம் தடவை உப்புப் போடுகிறவளைப் பார்த்ததுபோல் அவள் முகம் பதறும். கையை நகர்த்துவேன். சரியான கட்டைக்குப் போனால் கன்னத்தில் குழி விழும். கட்டைகளை நான் பார்க்கவே இல்லை. குழியைப் பார்த்தே அடுக்கி முடித்தேன். மார்க்கைச் சொல்லக் கூடாதாம். முகம் சொல்லிவிட்டது, நான் மேதை. உடனே அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அம்மா சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போட்டாள்.

அடுத்து வாட்ச்மேன் மேதையானார். எங்கள் வீட்டுக்காரம்மா மராத்திக்காரர், காக்கு என்று கூப்பிடுவோம், நம்மூர் சித்தி மாதிரி. அவரும் மேதை. கேஸ் சிலிண்டர் போடுகிற அண்ணன் மகாமேதை. பயிற்சியை மேற்பார்வையிடும் மேடம் தாள்களைப் புரட்டிவிட்டு, "உங்க பில்டிங் தண்ணில என்ன கலக்கறாங்க?" என்று இந்தியில் கேட்டாராம். பிறகு டிவியின் முகத்தைப் பார்த்தாராம். "இது அவங்க மூளைக்கு வந்த மார்க் இல்லம்மா. உன் மூஞ்சிக்கு வந்த மார்க்."

என் அம்மாவுக்கு இது இன்றுவரை தெரியாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

சிரித்து முடித்த பிறகுதான் விவகாரம் புரிந்தது. மாதக் கடைசியில் மேடம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து அவளைக் கவனிப்பார். ஒரு சோதனை, ஒரு ஆலோசனை, இரண்டிலும் தேற வேண்டும். தேறாவிட்டால் பயிற்சி இன்னும் ஆறு மாதம் நீளும். ஊரில் ஓர் ஆஸ்பத்திரி அவளுக்காக ஒரு வேலையைக் காலியாக வைத்திருந்தது. அது அத்தனை நாள் காத்திருக்காது.

"அப்பாட்ட என்னன்னு சொல்லுவேன்? மூஞ்சி சரியில்லன்னு பெயிலாக்கிட்டாவன்னா சொல்ல முடியும்?" என்றாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை.

ஆரம்பித்தது பாருங்கள் பயிற்சி! சீரியலில் மாமியார் பாலில் விஷம் கலப்பதை முகம் அசையாமல் பார்த்தாள். நான் ஜோக் சொன்னேன், அசையவில்லை. என் ஜோக்குக்கு அது ஒன்றும் பெரிய சாதனை இல்லைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காக்கு ஆசை ஆசையாக ஷீரா கொண்டுவந்தார், நம் கேசரிதான். டிவி சுவர் மாதிரி நின்று சாப்பிட்டாள். காக்கு வெலவெலத்துப் போனார்.

"காய் ஜாலா? போரீலா நஜர் லாகலீ!" பெண்ணுக்குக் கண்பட்டுவிட்டது என்று அலறிக்கொண்டே கீழே ஓடி, உப்பும் மிளகாயுமாக வந்து திருஷ்டி சுற்றிப் போட்டார். நெடியில் நாங்கள் இருமித் தள்ளினோம். டிவி மட்டும் கண்ணில் தண்ணீர் கொட்ட, முகம் அசையாமல் நின்றாள். தேறிவிடுவாள் என்று அன்றைக்கு எனக்கு நம்பிக்கை வந்தது.

பரீட்சை முடிந்து வந்தவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"என்னடி ஆச்சு?"

"சோதனைல பாஸு. ஆலோசனைல பெயிலு."

மேடம் சொன்னதை மட்டும் சொன்னாள்: "வந்தவரு தன் கஷ்டத்த விட்டுட்டு, உனக்கு உடம்பு சரியில்லியோன்னு தண்ணி எடுத்துக் குடுக்காரு. கட்டைய அடுக்குதப்பதான் மூஞ்சிய மூடச் சொன்னேன். மனசச் சொல்ல வந்தவங்ககிட்ட எதுக்கு மூடினன்னு கேட்டாவ. வியாழக்கிழம கடைசியா ஒரு தடவ பாப்பாவளாம்."

"அவ்வளவுதானே? பழைய மூஞ்சியோட போ."

"அத எங்க வச்சேன்னே தெரியலட்டி," என்றாள். சொல்லும்போதுகூட முகம் அசையவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. தெரியாத்தனமாகப் பயிற்சிக்குத் துணைபோய் ஒரு நல்ல முகத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று தவித்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் இதே கவலையில் சமைத்துக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் நின்றிருந்தாள். நான் ஒரு கை உப்பை அள்ளிச் சாம்பாரில் போட்டேன்.

"அய்யய்யோ ஏட்டி! இப்பத்தான போட்ட!"

திரும்பிப் பார்த்தேன். புருவம் நெற்றிக்கு ஏறி, வாய் பிளந்து, அத்தனை பதற்றமும் அப்படியே முகத்தில். வந்துவிட்டது! நான் கரண்டியோடு அவளைக் கட்டிக்கொண்டேன். அந்தச் சாம்பாரை இரண்டு பேரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

வியாழக்கிழமை நான் வீட்டிலிருந்தே வேலை செய்தேன். வேலை எங்கே ஓடியது? பால்கனியிலேயே நின்றிருந்தேன். தெருமுனையில் ரிக்ஷாவிலிருந்து அவள் இறங்கினாள். மூன்றாவது மாடியிலிருந்தே எனக்கு ரிசல்ட் தெரிந்துவிட்டது. "காக்கு, பாஸ்!" என்று கீழே பார்த்துக் கத்தினேன். அவள் படியேறி வருவதற்குள் ஷீரா அடுப்பில் ஏறிவிட்டது.

அன்று அந்த அறைக்குள் என்ன நடந்தது என்று இன்றுவரை அவள் எனக்குச் சொன்னதில்லை.

அவள் ஊருக்குப் போன பிறகு வேறொரு பெண் குடிவந்திருக்கிறாள். தங்கமான பெண். ஆனால் சந்தோஷமாக இருக்கிறாளா என்று அவளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.