பின் சீட்டில் ஒரு குடம்

அந்த நாட்களில் வடசென்னையில் மோட்டார் சைக்கிள் வாங்கிய யாரும் கொடம் நைனாவைக் கேட்காமல் வாங்கியதில்லை. கேட்டுவிட்டு, அவர் சொன்ன வண்டியை வாங்கியவர்களும் யாரும் இல்லை. ஏனென்றால் அவர் எந்த வண்டியையும் வாங்கச் சொன்னதே கிடையாது. ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில் ஓடிய அத்தனை மாடல்களையும் ஓட்டிப் பார்த்து, அத்தனையிலும் ஒரு குறையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். அவர் சொந்தமாக வைத்திருந்தது ஒரு சைக்கிள்.

நூற்றைம்பது சிசி, நூற்றெண்பது சிசி என்று ஸ்போர்ட்ஸ் பைக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கிக்கொண்டிருந்த சமயம் அது. அதுவரை மைலேஜ் எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த திருவொற்றியூர் வாலிபர்கள், திடீரென்று பிக்கப், டிஸ்க் பிரேக், அலாய் வீல் என்று பேச ஆரம்பித்தார்கள். நானும் பேசினேன். துறைமுகத்தை ஒட்டி, கப்பல் சரக்குக்குப் பேப்பர் வேலை பார்க்கும் ஒரு கிளியரிங் கம்பெனியில் எனக்கு குமாஸ்தா வேலை. தலையில் ஜெல், வாசலில் கறுப்பு நூற்றைம்பது. இந்த இரண்டும் இருந்தால் போதும், பெண் வீட்டார் வரிசையில் நிற்பார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். யாரும் நிற்கவில்லை. கொடம் நைனா மட்டும் வந்து நின்றார், கையில் ஒரு ஆரஞ்சு பிளாஸ்டிக் குடத்தோடு.

"தம்பி, வண்டிய ஒரு ரவுண்டு குடு. பின்னாடி கொடத்த வெச்சுகினு போய்ட்டு வரேன்."

அதுதான் அவருடைய டெஸ்ட். கழுத்துவரை தண்ணீர் நிரப்பிய குடத்தைப் பின் சீட்டில் வைத்து, சைக்கிள் டியூபைக் கிழித்த ரப்பர் பட்டையால் கட்டி, பள்ளம் மேடெல்லாம் ஓட்டிவிட்டு வருவார். பிறகு குடத்துக்குள் கையை விட்டு எத்தனை விரல்கடை தண்ணீர் குறைந்திருக்கிறது என்று பார்ப்பார். டாப் ஸ்பீடு, பிக்கப் எல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. தண்ணீர் லாரிக்குத் தெருவே தவம் கிடந்த காலம் என்பதால், பெண்கள் இவரைப் பார்த்தாலே திட்டினார்கள். அதன்பிறகு நைனா கடலுக்குப் போய் உப்புத் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தார். பெண்கள் சமாதானமானார்கள். வண்டிக்காரர்கள் திட்ட ஆரம்பித்தார்கள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் அவருடைய மனைவி ஸ்டெல்லா அக்கா. இதை நைனா மறைத்ததே இல்லை. கேட்டவர்களிடமும் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார்.

நைனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். "நான் எறக்குற கன்டெய்னர் மேல ஒரு டீ கிளாஸ வெச்சுப் பாரு. ஒரு சொட்டு சிந்தாது" என்பது அவருடைய பெருமை. யாரும் வைத்துப் பார்த்ததில்லை என்றாலும் எல்லோரும் நம்பினோம். அக்கா விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து வந்து திருவொற்றியூரில் விற்பவர். ஒரு காலத்தில் நைனாதான் ஒரு பழைய மொபெட்டில் அவரை ஏற்றிக்கொண்டு போய்க் காசிமேட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவார். ஒருநாள் கன்டெய்னர் லாரிகள் பிடுங்கிப் போட்ட ஒரு பள்ளத்தில் மொபெட் இறங்கியது. நைனாவும் மொபெட்டும் ஏறிவிட்டார்கள். அக்கா அங்கேயே விழுந்து கிடந்தார். கணுக்காலில் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்த அன்று அவர் சொன்ன வாக்கியம் தெருவெல்லாம் பிரசித்தம்.

"கன்டெய்னர எறக்கத் தெரியுது. கட்டுனவள எறக்கத் தெரியல."

அதோடு இனி எந்த இரு சக்கர வண்டியிலும் ஏறுவதில்லை என்று மாதா சிலை முன்னால் சொல்லிவிட்டார். நைனாவும் மறுநாளே மொபெட்டை விற்றுவிட்டார். அன்றிலிருந்து ஒரே வாசலில் ஒரே நேரத்தில் கிளம்பும் இருவரில், அக்கா ஷேர் ஆட்டோவில் போனார், நைனா சைக்கிளில் போனார். ஆட்டோவுக்குப் பக்கத்திலேயே மூச்சு வாங்க மிதித்துக்கொண்டு, "ஸ்டெல்லா, நாஸ்தா துன்னியா?" என்று கேட்டுக்கொண்டே போவார். எனக்கு இது அப்போது வேடிக்கையாக இருந்தது. எப்படியாவது அக்காவை மறுபடியும் தன் பின்னால் உட்கார வைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த மனுஷனுக்கு வாழ்க்கையில் வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

"அதுக்கு ஸ்கூட்டர் வாங்கலாமே நைனா? ஸ்போர்ட்ஸ் பைக் எதுக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஸ்கூட்டருக்கு சக்கரம் இத்துனூண்டு. நம்ம ரோட்டுப் பள்ளத்துல உள்ள பூந்துச்சுன்னா வெளிய வராது. சின்ன வண்டிலதான அவ உயுந்தா? பெரிய வண்டி, அகல டயரு, நல்ல பிரேக்கு. அதான் தம்பி சேஃப்டி."

இந்த வாதத்தில் எங்கேயோ ஓட்டை இருப்பது தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை.

ஷோரூமுக்கும் அவர் குடத்தோடுதான் போவார். ஒருமுறை துணைக்கு நான் போயிருந்தேன். டை கட்டிய விற்பனைப் பையன் குடத்தையும் நைனாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சார், டெஸ்ட் ரைடுக்கு லைசென்ஸ் இருந்தா போதும். குடமெல்லாம் வேணாம்."

"பின் சீட்டு எப்டி கீதுன்னு பாக்க வேணாவா?"

"சார், இது ஸ்போர்ட்ஸ் பைக். யூத்துக்கான வண்டி."

"யூத்துக்குக் கண்ணாலமே ஆவாதா? ஆச்சுன்னா பொஞ்சாதிய எங்க குந்த வெப்பான், டேங்க் மேலயா?"

பையன் உள்ளே ஓடினான். மேனேஜரைக் கேட்டுவிட்டு ஒரு சுற்றுக்கு விட்டார்கள். திரும்பி வந்தபோது பாதிக் கடல் ஷோரூமின் பளபளப்பான தரையில் இருந்தது. அதன்பிறகு தூரத்தில் ஆரஞ்சு நிறம் தெரிந்தாலே அங்கிருந்த வாட்ச்மேன் கேட்டைச் சாத்திவிடுவார் என்று கேள்வி.

கடைசியில் நைனா மூன்று வண்டிகளைப் பொறுக்கி எடுத்தார். என்னுடைய கறுப்பு நூற்றைம்பது. என் சிநேகிதன் பிரகாஷின் நீல நூற்றைம்பது. மூன்றாவது, வியாசர்பாடியில் பாக்சிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒருவருடைய சிவப்பு நூற்றெண்பது. பாக்சர் தன் வண்டியின் கண்ணாடியை யாராவது திருப்பினாலே முறைப்பவர். அவரிடம் நைனா எப்படிப் பேசினாரோ தெரியாது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியோடு திருவொற்றியூர் தேரடிக்கு வந்துவிட்டார்.

தேரடியிலிருந்து காசிமேடு போய்த் திரும்ப வேண்டும். குடத்தைத் தூக்கி வைத்துக் கட்டும் பொறுப்பு என்னுடையது. முதலில் என் கறுப்பு வண்டி போனது. திரும்பி வந்து, குடத்துக்குள் கையை விட்டுவிட்டு நைனா உதட்டைப் பிதுக்கினார்.

"மைலேஜு சோக்கா கீது. ஸ்பேர் எந்த சந்துலயும் கெடைக்கும். மெக்கானிக் கண்ண மூடிகினு கைட்டி மாட்டுவான். ஆனா பள்ளத்துல பின்னால தூக்கிப் போடுதுபா. அவ குந்தினா, பக்கத்துல போற லாரி மேல போய்தான் எறங்குவா."

அடுத்தது நீலம். "கீரு வெண்ண மாதிரி உயுது. வளைச்சா வளையுது. கன்டெய்னர் லாரி கியூவுல நின்னாதான் பேஜாரு, காலு வேவுது. சேலை கார்டும் தகரம் மாதிரி ஆடுது."

பிரகாஷின் முகம் தொங்கிப்போயிற்று. என்னைவிடக் கூடுதலாகச் செலவழித்து வாங்கியவன் அவன். மூன்றாவதாகச் சிவப்பு போயிற்று. வந்தது. நைனா குடத்துக்குள் கையை விட்டார். வெளியே எடுத்தார். மறுபடியும் விட்டார்.

"தம்பி, நீ ஒயுங்கா ரொப்புனியா?"

"ரொப்பினேன் நைனா."

"அப்டியே கீதுபா!"

கூடியிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உண்மைதான். தண்ணீர் கழுத்திலேயே நின்றது. மூன்றிலும் முரட்டு வண்டி அதுதான், விலையும் பராமரிப்பும் அதுதான் அதிகம், தெருவில் திருப்புவதற்கே இரண்டு பேர் வேண்டும். ஆனாலும் குடம் சொல்லிவிட்ட பிறகு யார் எதிர்த்துப் பேசுவது? பாக்சர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். குடத்தின் வெளிப்புற ஈரத்தால் சீட்டில் உப்புப் பூத்திருந்ததை அவர் மறுநாள்தான் பார்த்தார்.

நைனா அதே சிவப்பில் புதுசாக ஒன்றை வாங்கினார். சர்ச் வாசலில் ஃபாதர் ஜெபம் பண்ணித் தண்ணீர் தெளித்தார். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் நசுக்கினார்கள். மாலை போட்ட வண்டியோடு நைனா வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தபோது தெருவே கூடிவிட்டது.

ஸ்டெல்லா அக்கா வெளியே வந்தார். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். பின் சீட்டைப் பார்த்தார். அது அவர் இடுப்புக்கு மேலே இருந்தது.

"இதுல எப்டிய்யா ஏறுறது?"

நைனா சீட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். நான் பிரகாஷைப் பார்த்தேன், பிரகாஷ் பாக்சரைப் பார்த்தான். இத்தனை வருஷ டெஸ்டில் இந்த ஒன்றை மட்டும் யாரும் சோதிக்கவில்லை. குடம் எந்த வண்டியிலும் தானாக ஏறியதே கிடையாது. நாங்கள்தான் தூக்கி வைத்தோம்.

அக்கா கையால் சீட்டைத் தடவினார். முன் சீட்டும் பின் சீட்டும் சேருகிற இடத்தில் ஒரு குழி. "இன்னாய்யா இது, இங்க பள்ளமா கீது? கொடம் இதுக்குள்ள பூந்து சௌரியமா குந்திகிச்சு. அதான் சிந்தல. நான் இன்னா கொடமா?"

தெரு சிரித்தது. நானும்தான் சிரித்தேன். நைனா மட்டும் வண்டியிலிருந்து மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார். அந்த நிற்பைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. பாவமாக இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் வண்டியை விற்றிருப்பார்கள். மறுநாள் காலையில் அக்கா எப்போதும்போல் ஷேர் ஆட்டோவில் ஏறினார். பக்கத்தில் நைனா சிவப்பு வண்டியில் போனார். பின் சீட்டில் குடம், அதில் கழுத்துவரை தண்ணீர். இந்தத் தடவை குழியில் ஒரு பலகையை வைத்துச் சீட்டைச் சமமாக்கி, அதன்மேல் குடத்தை வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"அவ ஏறுற அன்னிக்குக் கை பயகி இருக்கணும்ல?"

மாதக்கணக்கில் இது நடந்தது. கப்பல் வந்த நாட்களில் பேப்பர்களோடு நானும் விடியற்காலையிலேயே துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். அப்போதெல்லாம் இந்த ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொள்வேன். நூற்றெண்பது சிசி வண்டி ஷேர் ஆட்டோ வேகத்தில் உறுமிக்கொண்டு போகும். ஆட்டோவுக்குள் இருக்கும் பெண்களெல்லாம் நைனாவோடு பேசிக்கொண்டு வருவார்கள். ஆட்டோக்காரர் கத்துவார்: "நைனா, ஒண்ணு முன்னாடி போ, இல்லாங்காட்டி பின்னாடி வா. இன்னா இது, சாமி ஊர்வலமா?"

அப்படி ஒரு நாள், அக்கா விழுந்த அதே இடம் வந்தது. பள்ளத்தைப் பலமுறை மூடியிருந்தார்கள், லாரிகள் பலமுறை பிடுங்கியிருந்தன. முந்தின இரவு மழை வேறு. ஆட்டோ தாவிக் குதித்து ஏறியது. நைனா வண்டியை நிறுத்தினார். இரண்டு காலையும் தரையில் ஊன்றி, சேற்றில் செருப்பு புதைய, குழந்தையை நடத்துகிறமாதிரி அந்தக் கனத்த வண்டியை அடி அடியாகத் தள்ளிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி ஏறினார். ஆட்டோவில் யாரோ ஒரு பெண், "ஸ்டெல்லா, பாரேன். உன் ஊட்டுக்காரரு கொடத்த எப்டி இட்டுகினு வர்றாரு!" என்றார்.

ஸ்டெல்லா அக்கா பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஆட்டோவின் கம்பியைத் தட்டினார்.

"நிறுத்துப்பா."

மீன் எடுக்கும் பிளாஸ்டிக் பெட்டியோடு இறங்கி வந்தார்.

"யோவ். அந்தக் கொடத்த எறக்கு."

"ஏன்மே?"

"எறக்குய்யா. ரெண்டு பேருக்கு எடம் இல்ல."

நைனாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் ரப்பர் பட்டையை அவிழ்க்கக் கை வரவில்லை. கன்டெய்னரை ஆடாமல் இறக்குகிற கை முடிச்சை இன்னும் இறுக்கியது. நான் போய் அவிழ்த்தேன். குடத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், கீழே ஓரமாக வைத்தேன். அக்கா பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார், அதன்மேல் ஏறினார், நைனாவின் தோளைப் பிடித்தார், சீட்டில் உட்கார்ந்தார். பெட்டியை எடுத்து மடியில் கொடுத்தேன். அக்கா தோளில் வைத்த கையை எடுக்கவில்லை.

"மெதுவா போ. பயமா கீது."

"இதுக்கு மேல மெதுவா போனா உயுந்துடுவோம் ஸ்டெல்லா."

வண்டி கிளம்பியது. கன்டெய்னர் லாரிகள் முந்திப் போயின. ஷேர் ஆட்டோ முந்திப் போயிற்று. ஐஸ் ஏற்றிய மீன்பாடி வண்டியை மிதித்துக்கொண்டு வந்த ஒருவர்கூட மணியடித்துவிட்டு முந்திப் போனார். நான் குடத்தை என் வண்டி டேங்கின்மேல் வைத்து, தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, பேன்ட் நனைய நனைய, காசிமேடு வரைக்கும் அவர்களுக்குப் பின்னாலேயே போனேன். துறைமுகக் கேட்டில் பேப்பரைத் தாமதமாகக் கொடுத்ததற்கு அன்றைக்கு ஆபீசில் நல்ல திட்டு. தண்ணீரை ஓரமாகக் கொட்டிவிட்டு முந்திப் போயிருக்கலாம். மனசு வரவில்லை.