மனிதச் செவிக்கு எட்டாத ஓசை

ஒலிக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எந்தச் சத்தத்தையும் காதால் கேட்டு முடிவு செய்யும் வழக்கம் இல்லை. காது தனிமனிதருக்குச் சொந்தமானது. ஆகவே பிழை செய்யும். மென்பொருளோ முறைப்படி டெண்டர் விட்டு வாங்கப்பட்டது. ஆகவே பிழை செய்யாது.

அந்த அலுவலகத்துக்கு ஒரு நர்ஸ் மனுவோடு வந்தார். இரவெல்லாம் வார்டில் வேலை, பகலில்தான் தூக்கம். அவருடைய படுக்கையறைச் சுவருக்கு அப்பால் இருந்த குளிர்பதனக் கிடங்கில் புதிதாக ஒரு மோட்டார் பொருத்தியிருந்தார்கள். காலை ஏழு மணிக்கு ரீங்காரம் தொடங்கினால் மாலைவரை ஓயாது. பதினெட்டு நாளாக அவர் சரியாகக் கண்ணயரவில்லை. முந்தின நாள் வார்டில் ஊசி மருந்தை அளவு மாற்றி எடுத்துவிட்டு, கடைசி நொடியில் கையை இழுத்துக்கொண்டார். இன்னொரு முறை அப்படி நேர்ந்தால் அவர் வேலை போகும். அதற்கு முன் ஓர் உயிர் போகலாம்.

அலுவலகம் கருவியோடு வந்து அளந்தது. அதிர்வெண் வரைபடத்தில் ஒரே ஒரு முகடு எழுந்தது: நொடிக்குப் பத்து அதிர்வு.

"சிஸ்டர், மனுஷக் காதுக்கு இருபதுக்குக் கீழ எதுவும் கேக்காது. இது பத்து," என்றார் இணை இயக்குநர்.

"எனக்குக் கேக்குதே சார்!"

"அதான் பிரச்சினையே."

டெக்னீஷியன் இணை இயக்குநரை ஓரமாக அழைத்துப் போனார்.

"சார், செட்டிங் தப்பு. அந்த மோட்டார் நொடிக்கு நூத்தி இருபது தடவை அதிருது. நம்ம மென்பொருள் நொடிக்கு நூத்திப் பத்து தடவைதான் எட்டிப் பாக்குது. அப்படிப் பாத்தா பத்துன்னுதான் காட்டும். ஆயிரம் தடவை பாக்கச் சொன்னா உண்மை தெரிஞ்சுடும். ஒரு நிமிஷ வேலை."

"எவன் அதைக் குறைச்சான்?"

"நீங்கதான் சார். டிஸ்க்ல இடம் மிச்சம் பிடிக்கச் சொல்லி, போன வருஷ சுற்றறிக்கை."

"அதுக்கப்புறம் எத்தனை புகார் நிரூபணமாச்சு?"

"மூணு சார். முன்னாடியெல்லாம் முந்நூறு."

"அப்போ என் சுற்றறிக்கை ஊரையே அமைதியாக்கியிருக்கு. அதுக்குக் கேடயம் வாங்கியிருக்கேன்ப்பா. திருப்பிக் கொடுக்கச் சொல்றியா?"

டெக்னீஷியன் கருவியைப் பெட்டியில் வைத்து மூடினார்.

அன்பர்களே, மென்பொருளைப் பழிக்காதீர்கள். அரிதாகப் பார்க்கிறவருக்கு விரைவானதெல்லாம் மெதுவாகவே தோன்றும். கோடையில் ஒருமுறை வந்து பார்க்கிற ஆய்வாளருக்கு, மழைக்காலம் முழுதும் ஒழுகும் கூரை எப்போதும் உலர்ந்தே இருக்கும்.

கோப்பில் இவ்வாறு எழுதப்பட்டது: "மேற்படி ஒலி மனிதச் செவிக்கு எட்டாதது. மேற்படி மனுதாரருக்கு அது எட்டுகிறது. எனவே மேற்படியார் மனிதர் எனக் கொள்ள இடமில்லை. தக்க நடவடிக்கைக்காகக் கோப்பு கால்நடைத் துறைக்கு அனுப்பப்படுகிறது."

மூன்றாம் நாளே கால்நடை மருத்துவர் வந்துவிட்டார். கதவைத் திறந்த நர்ஸைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எங்கம்மா கட்டியிருக்கீங்க?"

"எதை?"

"கோப்புல இருக்கிறதை."

"அது நான்தான் டாக்டர்."

மருத்துவர் கோப்பை இரண்டாம் முறை படித்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து சுவரில் கையை வைத்தார். "அடேயப்பா! பல்லெல்லாம் கூசுது. எப்படிம்மா இதுல இருக்கீங்க?"

"உங்களுக்கும் கேக்குதா டாக்டர்?"

"மெதுவாப் பேசுங்க. வெளிய தெரிஞ்சா எனக்கும் ஒரு கோப்பு போடுவாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒரு வழி இருக்கு. விலங்கு தங்குற இடத்துக்குப் பக்கத்துல பகல்ல மோட்டார் ஓட்டக்கூடாது. எங்க சட்டத்துல தெளிவா இருக்கு. அளக்கக்கூட வேண்டாம், என் கையெழுத்து போதும்."

"மனுஷங்களுக்கு அந்தச் சட்டம் இல்லையா?"

"மனுஷங்களுக்குத்தான் ஆய்வு இருக்கேம்மா."

நர்ஸ் வார்டில் மருந்துக் குப்பியைப் பிடித்திருந்த தன் கையை நினைத்தார். "எழுதிக்கோங்க," என்றார்.

வகை: வளர்ப்பு. குணம்: சாது. மறுநாள் காலை மோட்டார் நின்றது. அவர் ஒன்பது மணி நேரம் தூங்கினார். அன்றிரவு மருந்து ஒரு துளி பிசகாமல் ஊசியில் ஏறியது.

சேதி தெருவெங்கும் பரவியது. ஒரே வாரத்தில் கால்நடைத் துறை வாசலில் வரிசை மூன்று தெரு தாண்டியது. குடிநீர் வராதவர்களும் சாக்கடை அடைத்துக்கொண்டவர்களும் தங்களை விலங்காகப் பதிந்துகொள்ள நின்றார்கள். டெக்னீஷியனும் நின்றார். நாலு பேர் தள்ளி நின்றவரைப் பார்த்து அவர் திடுக்கிட்டார்.

"சார், நீங்களுமா?"

"என் இடமாறுதல் மனு நாலு வருஷமாக் கிடக்குப்பா," என்றார் இணை இயக்குநர்.

விண்ணப்பத்தின் கடைசிக் கட்டம் 'உரிமையாளர் பெயர்' என்றிருந்தது. இங்கேதான் தகராறு வரும் என்று குமாஸ்தா கூடுதலாக ஒரு காவலரைக் கேட்டு வாங்கியிருந்தார். தகராறு ஏதும் வரவில்லை. ஒவ்வொருவரும், எவரையும் கேட்காமல், தாம் மிக அதிக நாள் காத்துக் கிடந்த அலுவலகத்தின் பெயரை அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்கள்.