இடது பக்கம் இரண்டு தட்டு

"அண்ணி, என் பிள்ளை தேறிட்டானா இல்லையா?" என்று நாத்தனார் நான்காவது முறையாகக் கேட்டாள்.

வீட்டில் எல்லோரும் ஆராய்ச்சிக்காரி என்று கேலி செய்யும் அந்த அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். தேறியிருந்தால்தானே சொல்வதற்கு! இன்னும் அரை மணி நேரத்தில் மதிப்பீட்டுக் குழு வந்துவிடும். அவர்கள் தலையாட்டினால் ஆய்வுக்கூடம் மேலும் மூன்று வருஷம் ஓடும். உதட்டைப் பிதுக்கினால் இழுத்து மூட வேண்டியதுதான். இந்த நேரம் பார்த்து, சோதனைக்கு வரவேண்டிய குழந்தைக்குச் சளி. அவசரத்துக்கு நாத்தனாரின் ஒன்றரை வயதுக் கொழுகொழுப் பிள்ளை பூசணியைத் தூக்கிவரச் சொன்னது அவள் செய்த முதல் தப்பு.

சோதனை ரொம்ப எளிது. மேஜைமேல் ஒரு மரப்பெட்டி, உள்ளே பொம்மை. ஆராய்ச்சிக்காரி முதலில் ஓர் இறகால் பெட்டியைத் தடவுவாள். பிறகு இடது பக்கம் இரண்டு தட்டு. பிறகு கதவைத் திறந்து பொம்மையை எடுப்பாள். இறகால் எள்ளளவும் பிரயோஜனம் கிடையாது. ஆனாலும் பார்க்கிற குழந்தை அப்படியே தடவும். பெரியவர்கள் செய்தால் காரணம் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை, பாவம். பக்கத்து அறைக் கூண்டில் இருக்கும் சிம்பன்ஸி 'மேனேஜர்' இறகைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நேரே கதவைத் திறந்து, தனக்கு வைத்த பழத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பக்கம் பக்கமாக எழுதிப் பட்டம் வாங்கியவள் அவள்.

பூசணியோ இறகைத் தூக்கி எறிந்தான். கதவைத் திறந்தான். பொம்மையை வாயில் வைத்துக்கொண்டான்.

"கெட்டிக்காரத்தனமா எடுத்துட்டான்ல, அண்ணி?"

"எடுத்துட்டான். ஆனா மேனேஜர் மாதிரியே எடுத்துட்டான்."

"எந்த மேனேஜர்?"

ஆராய்ச்சிக்காரி யோசிக்காமல் கூண்டுப் பக்கம் கையைக் காட்டிவிட்டாள்.

"என் பிள்ளை உங்களுக்குக் குரங்கா? இருங்க, அண்ணன்கிட்டயே சொல்றேன்!" நாத்தனார் போனை எடுத்தாள்.

"ஐயையோ, நான் காட்டினது பத்தலம்மா! நீயே செஞ்சு காட்டு. அம்மா செஞ்சா செய்வான்."

நாத்தனாருக்கு இது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. தடவினாள், தட்டினாள். தட்டின வேகத்தில் பெட்டி ஒரு சாண் நகர்ந்தது. பூசணி வீறிட்டு அழுதான். அழுகையை நிறுத்த ஆராய்ச்சிக்காரி தாளம் போட்டுத் தட்டிக் காட்டினாள். கதவின் கீல் ஆட ஆரம்பித்தது. சரியாக அப்போது குழு உள்ளே நுழைந்தது.

குழுத் தலைவர் சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கிற மனிதர்.

"இந்த இறகு எதுக்கு?"

"சும்மா சார். அதான் சோதனையே."

"அந்தத் தட்டு?"

"அது சும்மா இல்ல சார்! தட்டினாத்தான் கதவு திறக்கும். எங்க பேராசிரியர் காலத்துலேருந்து அப்படித்தான்."

"குரங்கு தட்டாமலே திறக்குதாமே?"

"அதுக்குக் கைப்பலம் ஜாஸ்தி."

"என் பிள்ளையும் தட்டாமத்தான் சார் திறந்தான்!" என்று நாத்தனார் குறுக்கே புகுந்தாள்.

"அப்ப இந்தக் குழந்தை?"

"நான் தட்டி வெச்சிருந்தேன்ல சார், அதுல இளகியிருக்கும்."

தலைவர் உதட்டைப் பிதுக்கினார்.

"காரணமே இல்லாம ஒருத்தர் செஞ்சதை அப்படியே செய்யற ஒரே ஒரு ஆளைக் காட்டுங்கம்மா. இங்கயே கையெழுத்துப் போடறேன்."

சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசையில் அவரே இடது பக்கம் இரண்டு தட்டினார். தலைவரே தட்டிவிட்டாரே என்று கூட வந்த உறுப்பினர்கள் இருவரும் ஆளுக்கு இரண்டு தட்டினார்கள். கதவு கீலோடு கழன்று தலைவரின் கால் விரலில் விழுந்தது. பூசணி அழுகையை நிறுத்திவிட்டுக் கைகொட்டிச் சிரித்தான்.

அடுத்த கட்டடத்துத் தச்சரைக் கூப்பிட்டார்கள். அவர் கீலை முடுக்கிக் கதவைச் சாத்திவிட்டு நிமிர்ந்தார். ஆராய்ச்சிக்காரி பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு தட்டினாள்.

"ஏம்மா பெட்டியைப் போட்டு அடிக்கிறீங்க?"

"தட்டினாத்தானே திறக்கும்?"

"அது பழைய பெட்டிக்கும்மா. கதவு இறுகிக்கும், அதனால உங்க பேராசிரியர் தட்டுவாரு. அது உடைஞ்சு, நான் இந்தப் புதுசைச் செஞ்சு கொடுத்தே ஆறு வருஷமாச்சு. இதை விரலால தொட்டாலே திறக்குமே!"

ஆராய்ச்சிக்காரி தட்டின கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். தலைவர் கால் விரலைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். பக்கத்து அறையில் மேனேஜர் நிதானமாகப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தது.

நாத்தனார்தான் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"சார், ஒரு ஆள் போதும்னீங்க. உங்களையும் என்னையும் சேத்துச் சும்மா தட்டினவங்க அஞ்சு பேர் இருக்கோம், கையெழுத்தைப் போடுங்க!"