வட்டை வீதி செய்த குற்றம்

உலக விளையாட்டு வரலாற்றில், ஒரு மனிதன் விழுந்ததற்காக ஒரு மாவட்டத்தின் வீதிகள் எழுந்து இடம் மாறிய சம்பவம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. விழுந்தவன் நான். ஆகவே இந்த வரலாற்றை எழுதும் தகுதி என்னைத் தவிர வேறு எவருக்கும் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நெடுந்தூர முப்போட்டி என்பது நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் ஒரே மூச்சில் செய்துவிட்டு, மறுநாள் எதையுமே செய்ய முடியாமல் கிடப்பதாகும். இப்பேர்ப்பட்ட போட்டி எங்கள் மட்டக்களப்பு வாவிக் கரைக்கு வருகிறது என்றதும் ஒரு குழு அமைக்கப்பட்டது. குழுவுக்குள் ஒரு 'பாதை உபகுழு'. உபகுழுவுக்கு ஒரு செயலாளர். முதற் கூட்டத்துக்குச் சைக்கிளில் வந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது. மற்றவர்கள் விளையாட்டில் உண்மையான ஈடுபாடு உள்ளவர்கள், கார்களில் வந்திருந்தார்கள்.

பாதை முதலில் எளிமையாக இருந்தது. பாசிக்குடாக் கடலில் நீந்த வேண்டும். அங்கே கடல் வெகுதூரம் வரைக்கும் இடுப்பளவுதான் என்பதால், நீந்துவதாகப் பாவனை செய்து நடப்பவர்களைப் பிடிக்க இன்னோர் உபகுழு இருந்தது. பிறகு சைக்கிளில் ஏறி, சித்தாண்டியில் பிரதான வீதியை விட்டு வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளிக்குள் இறங்கி, அதன் நடுவே போகும் புதுத் தார் வீதியால் ஒரு சுற்றுச் சுற்றி, நாவற்குடா வரை போய்த் திரும்ப வேண்டும். தொண்ணூறு கிலோமீற்றர்.

அந்த வட்டை வீதியைப் பரிசோதிக்க நான் நேரில் சென்றேன். அறுவடை முடிந்த காலம். வீதியின் ஒரு பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. தார் வீதி போடுவதே நெல் காயவைக்கத்தான், மிச்ச நேரத்தில் வாகனங்களும் போய்வரலாம் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட கொள்கை. நான் ஒரு கையால் சைக்கிளையும் மறு கையால் கைபேசியையும் பிடித்தபடி பாதையை 'ஆவணப்படுத்திக்கொண்டு' போனேன். ஆவணத்தில் பாதையைவிட என் முகமே அதிகமாக இருந்தது என்பது பின்னர் தெரியவந்தது. அந்த முகத்தில் ஒரு புன்னகையை நிறுவ முயன்ற கணத்தில், வீதி என்னைக் கீழே போட்டது.

நான் நெல்லின் மேல் கிடந்தேன். சைக்கிள் என் மேல் கிடந்தது. நெல்லுக்குக் காவல் இருந்த புஸ்பம் அக்கா ஓடிவந்து என்னைத் தூக்கி இருத்தினார். என் முழங்காலைப் பார்த்தார். பிறகு குனிந்து, உள்ளங்கையால் தார் வீதிக்கு இரண்டு அடி போட்டார்.

"இந்த றோட்டுக்கு வேற வேலயில்ல. நெல்லுலயும் பிழதான். நீங்க அழாதீங்க மனே."

மகனுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். நான் அழவில்லை. கண்ணுக்குள் நெல் தூசி போயிருந்தது. இருந்தாலும், சம்பவத்தை நேரில் கண்ட ஒருவர் வீதியையும் நெல்லையும் குற்றவாளிகளாக அடையாளங்கண்டு, அதில் ஒருவருக்குத் தண்டனையும் வழங்கிவிட்டதை நான் கவனமாக மனதில் குறித்துக்கொண்டேன்.

உபகுழுத் தலைவர் றொனால்ட் சேர், பாசிக்குடா ஹோட்டல் ஒன்றின் குளிரூட்டிய அறையில் அவசரக் கூட்டத்தைக் கூட்டினார். தட்டுகளில் பற்றிஸும் றோல்ஸும் முன்னிலை வகித்தன. நான் நொண்டிக்கொண்டு உள்ளே போனதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். 'மேற்படி வீதியானது பங்குபற்றுநர்களைக் கீழே போடும் தன்மை கொண்டது' என்று நான் அறிக்கை சமர்ப்பித்தேன். எவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவ்வளவு கண்ணியமான கூட்டம். வட்டை வீதி ஏகமனதாக நீக்கப்பட்டது.

நீக்கிய தூரத்தை எங்கேயாவது ஈடுகட்ட வேண்டும். நாவற்குடாவின் குறுகிய உள் ஒழுங்கைகள் சேர்க்கப்பட்டன. அங்கே ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வாசலுக்கு நேரே தானாகவே ஒரு வேகத் தடை கட்டியிருந்தார். பக்கத்து வீட்டுத் தடையைவிடத் தன்னுடையது தாழ்ந்துபோய்விடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் ஒவ்வொன்றும் சற்று உயர்ந்துகொண்டே போனது. அதோடு நாய்கள். நாய்களின் உரிமையாளர்களோடு பேச்சுவார்த்தை நடத்தப் போனபோது, அந்த நாய்களுக்கு உரிமையாளர் எவரும் இல்லை, ஒழுங்கைகளுக்கு உரிமையாளர்களே நாய்கள்தான் என்ற உண்மை தெரியவந்தது. பேச்சுவார்த்தை ஓட்டப் பகுதிக்கான பயிற்சியாக முடிந்தது.

பாதை மீண்டும் மாறியது. இந்த முறை வாவிக் கரை. போய்ப் பார்த்தால், வீதி நீளத்துக்கு வலைகள் காய்கின்றன. ஒருவர் வலையில் சிக்கியிருந்த இறாலை எடுத்துக்கொண்டே, 'சைக்கிள் சிக்கினாலும் எடுத்துத் தருவம்' என்று உத்தரவாதமும் அளித்தார். ஒரு பாதையை மாற்றுவது யாரும் செய்யக்கூடியது. மாற்றியதை மாற்றுவதுதான் நிர்வாகம் என்று றொனால்ட் சேர் எங்களை ஊக்கப்படுத்தினார்.

இந்தக் கட்டத்தில்தான் விதுர்ஷா என் வீட்டுக்கு வந்தாள். புஸ்பம் அக்காவின் மகள். போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்களில் எங்கள் பக்கத்துப் பெண் அவள் ஒருத்திதான். கொழும்பில் தேசியப் பயிற்சிக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். விடியற்காலையில் அரைக் காற்சட்டையோடு சைக்கிளில் போகும் பிள்ளை அப்படி என்னதான் செய்கிறாள் என்பதைத் தன் கண்ணால் ஒருதரம் பார்க்காமல் கொழும்புக்கு விட மாட்டேன் என்று தாய் சொல்லிவிட்டார். நெல்லை மாட்டுக்கும் மழைக்கும் விட்டுவிட்டு வேறெங்கும் வந்து பார்க்கவும் அவரால் முடியாது. தகப்பன் அறுவடை மெசினோடு வேறு வட்டையில். போட்டி நெல்லைத் தாண்டிப் போனால்தான் தாய் பார்ப்பார். தாய் பார்த்தால்தான் மகள் போவாள்.

"அம்மா புதுக் கதிர ஒண்டு வாங்கி நெல்லுப் பக்கத்தில போட்டிருக்கா அண்ண. பிளாஸ்ரிக் உறை கூடக் கழட்டல்ல. அண்டைக்குத்தான் கழட்டுவாவாம்" என்றாள்.

நான் அவளுக்கும் உட்கார ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.

"அந்த றோட்டுல அப்பிடி என்னதான் பிழ அண்ண?"

அது 'பல்வேறு காரணிகளின் தொகுப்பு' என்று நான் விளக்கினேன். அவள் தலையாட்டினாள். சைக்கிளில் ஏறினாள். எங்கள் ஒழுங்கையின் வேகத் தடைகளை அவள் இருக்கையிலிருந்து எழாமலே தாண்டிப்போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று இரவுச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. பிட்டுக் கொஞ்சம் வறட்சியாக இருந்திருக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் வட்டை வீதியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று பிரேரித்தேன். அப்படி அந்த வீதியில் என்னதான் பிழை என்று நானே கேட்டேன்.

"பிழை என்று சொல்ல முடியாது. சரி என்றும் சொல்ல ஏலாது" என்றார் றொனால்ட் சேர், என் முழங்காலைப் பார்த்து.

அடுத்ததாக, உபகுழுவில் எனக்கு எதிரே இருந்த, ரயர்க் கடை வைத்திருக்கும் அசனார் காக்காவின் பக்கம் திரும்பினேன். வாழ்நாள் முழுவதும் சைக்கிள்களோடு பழகியவர். அவர் கூரையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, மிச்சமிருந்த ஒரு றோல்ஸை என் பக்கம் தள்ளி, "முதல்ல இதத் தின்னுங்க தம்பி" என்றார். ஒருவர் சர்வதேசத் தரம் என்றார். இன்னொருவர் காலநிலை மாற்றம் என்றார். என்னைப் போன்ற ஒரு செயலாளரின் மனம் புண்பட்டுவிடக் கூடாது என்பதில் அந்தச் சபை காட்டிய அக்கறையை நான் எங்கும் கண்டதில்லை. அந்த அக்கறைக்காக நாவற்குடாவில் இரண்டு தொண்டர்கள் நாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றே இறுதிப் பாதை தீர்மானமாயிற்று. நெல் இல்லாத, வலை இல்லாத, நாய் இல்லாத, வேகத் தடை இல்லாத ஒரே இடம் அந்த ஹோட்டலின் வாகனத் தரிப்பிடம். தொண்ணூறு கிலோமீற்றரையும் அதற்குள்ளேயே சுற்றி முடிப்பது. பார்வையாளர் ஒரே இடத்தில் இருந்தபடி முழுப் போட்டியையும் பார்க்கலாம் என்பது 'மேலதிக அனுகூலம்' எனப் பதியப்பட்டது.

"இது சைக்கிள் போட்டியா, செக்காட்டுறதா?" என்று அசனார் காக்கா மெல்லக் கேட்டார். அது பதியப்படவில்லை.

நான் மறுபடியும் எழுந்தேன். வட்டை வீதி வேண்டும் என்றேன். றொனால்ட் சேர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர். துடைத்து முடிய வெகுநேரம் ஆனது.

"செயலாளர் விழுந்தது எதனால் என்று திட்டவட்டமாகத் தெரிந்தால் இண்டைக்கே பழைய பாதைக்குப் போகலாம். காரணம் தெரியாமல் நான் எப்பிடிப் போறது றெஜி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உடனடியாக ஒரு விசாரணைக் குழுவை நியமிக்க முன்வந்தேன். நாட்டில் விசாரணைக் குழுக்களுக்குக் குறைவில்லை. ஆனால் விழுந்தவரே விசாரிப்பவராகவும், குழுவின் ஒரே உறுப்பினராகவும், அறிக்கை எழுதுபவராகவும் இருந்த குழு இதுவாகத்தான் இருக்கும். பக்கச்சார்பற்ற தன்மைக்கு இதைவிட என்ன வேண்டும்? குற்றஞ்சாட்டப்பட்டது வீதி. சாட்சி புஸ்பம் அக்கா.

மறுநாள் காலை பஸ்ஸில் சித்தாண்டிக்குப் போய், வட்டை வீதியில் நடந்தேன். நெல் அதே பாதியில் காய்ந்தது. அதன் பக்கத்தில் உறை கழற்றாத நீலக் கதிரை. புஸ்பம் அக்கா அதில் இருக்கவில்லை; வெறுங்காலால் நெல்லைக் கிளறிக் கோடு கோடாக விட்டுக்கொண்டு நடந்தார். வெயில் நல்ல வெயில். ஒரு மாடு தூரத்தில் நின்று எங்கள் இருவரில் யார் முதலில் போவோம் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

விசாரணையை ஆரம்பித்தேன். சம்பவ தினத்தன்று வீதி எவ்வாறு நடந்துகொண்டது என்று கேட்டேன். கால் இப்போது எப்படி என்று அவர் கேட்டார். நெல்லின் பங்கு என்ன என்று கேட்டேன். பிளேன்ரீ குடிக்கிறீங்களா என்றார். அந்தத் தேநீரைக் குடித்தேன். சீனி நிறையப் போட்டிருந்தார். இனிமேல் கேட்க விசாரணைக் குழுவிடம் கேள்விகள் இல்லை. ஆனால் அந்த நீலக் கதிரை என் எதிரே நின்றது.

"அக்கா, மறைக்காமச் சொல்லுங்க. இந்த றோட்டுல என்ன பிழ?"

அவர் காலை நிறுத்தினார். என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார்.

"றோட்டுல ஒரு பிழயுமில்ல தம்பி. நெல்லு அந்தப் பக்கம் கிடந்திச்சு. இந்தப் பக்கம் லொறி போற அளவுக்கு இடம் கிடந்திச்சு. நீங்க போனைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு வந்து நெல்லுக்குள்ள ஏறிட்டீங்க. நான் பாத்துக்கொண்டுதானே நிண்டன்."

"அப்ப அண்டைக்கு றோட்டுக்கு அடிச்சீங்களே?"

"புள்ள விழுந்தா நிலத்துக்குத்தானே மனே அடிக்கிற. அழுக நிக்கட்டும் எண்டு அடிச்சன். நீங்க அதயும் நம்பி, என்ட புள்ள வாற றோட்டையே தூக்கிக்கொண்டு போயிட்டீங்க."