நாற்பத்தோராம் தொலைபேசி

நான் ஒரு மனிதரைச் சாகடித்திருக்கிறேன். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மட்டும்தான். ஆனாலும் அந்தச் செய்தி ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அழவேண்டியவர்கள் அழுதும் விட்டார்கள். இதற்குக் காரணம் என் துடுக்குத்தனம், என் ஆங்கிலம், என் பயம் மூன்றும் ஒரே நாளில் ஒன்றுகூடியதுதான்.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலுக்கு அடியில் ரயில் சுரங்கம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. தோண்டும் வேலை முடிந்து, உள்ளே தண்டவாளமும் கம்பிகளும் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் லண்டனுக்கு வந்து நாலு வருடம். வால்தம்ஸ்டோவில் ஒரு அறையை இரண்டு பேரோடு பகிர்ந்துகொண்டு, பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் செய்தபடியே எலெக்ட்ரோனிக்ஸ் படித்து, ஒருவாறு ஒரு சின்னக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சுரங்கத்துக்குள் பொருத்துகிற அவசரத் தொலைபேசிகளைச் செய்து கொடுத்த கம்பனி. கேட்பவர்களிடமெல்லாம் "சுரங்கம் கட்டுறன்" என்று சொல்லித் திரிந்தேன். (உண்மையில் அந்தச் சுரங்கத்தை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கிழக்கு லண்டனில் ஒரு பழைய கட்டடத்தின் நிலக்கீழ் அறையில், காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.)

ரயில்களுக்கு இரண்டு சுரங்கம், நடுவில் பராமரிப்பு ஆட்கள் போய்வர ஒரு சின்னச் சுரங்கம். அந்தச் சின்னச் சுரங்கத்தின் சுவர் நெடுக எங்கள் தொலைபேசிகள். ஆபத்தென்றால் கைபிடியைத் தூக்க வேண்டும், கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் பேசுவார். கட்டுப்பாட்டு அறை அப்போது தயாராகவில்லை. அதனால் சோதனைக்காக ஒரு இணைப்பை எங்கள் நிலக்கீழ் அறைவரை இழுத்திருந்தார்கள். நான் இங்கிருந்து ஒவ்வொரு தொலைபேசிக்கும் அடிப்பேன். அங்கே கிளின் என்ற வேல்ஸ்காரர் எடுத்து இலக்கத்தைச் சொல்லுவார். குரல் தெளிவென்றால் நான் தாளில் ஒரு சரி போடுவேன். வேலை அவ்வளவுதான்.

ஆனால் கிளின் வாயைத் திறப்பதற்கு முன் ஒரு கணம் அந்த இடத்தின் சத்தம் மட்டும் வரும். கரைக்குக் கீழே உள்ள தொலைபேசிகளில் அது கிணற்றுக்குள் பேசுவதுபோல இருந்தது. கடலுக்குக் கீழே போகப் போக வேறுமாதிரி ஆகிவிட்டது. யாரோ ஒருவர் நீளமாக மூச்சை இழுத்துவிட்டு, அதை வெளியே விட மறந்துபோனதுபோல ஒரு சத்தம். நடுநடுவே சொட்டு, சொட்டு. காற்று விசிறியால் வருகிறது, தண்ணீர் கல்லில் கசிகிறது, அதைப் பம்பி வெளியே எடுக்கிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். மேல்மாடியில் இருக்கும்போது மிக நன்றாகத் தெரியும். கீழே தனியாக இருக்கும்போது தெரிந்ததெல்லாம் எங்கோ போய்விடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊரில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன் ரவி. (யாழ்ப்பாணத்தில் தெருவுக்கு மூன்று ரவி. ஆனால் ரவி என்றால் எனக்கு அவன் ஒருவன்தான்.) எண்பதுகளின் நடுவில் ஒரு பின்னேரம் இந்தியாவுக்கென்று வள்ளம் ஏறினான். வள்ளம் அக்கரைக்குப் போய்ச் சேரவில்லை. கடிதமும் வரவில்லை, ஆளும் வரவில்லை, வேறு எதுவும் கரையொதுங்கவும் இல்லை. இதைப்பற்றி நான் லண்டனில் யாரிடமும் கதைத்ததில்லை. ஆனால் நாள் முழுக்கக் கடலின் அடியில் காதை வைத்துக்கொண்டிருக்கிறவனுக்கு என்ன நினைவு வரும்?

அன்று சனிக்கிழமை மத்தியானம். மேல்மாடியில் மேலாளர் ஜோன் அம்மையார் மட்டும் இருந்தார். அறுபதை நெருங்குகிறவர், சத்தமாகப் பேசியதே இல்லை. கிளின் நாற்பதாம் தொலைபேசியிலிருந்து, "நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன், நான் சொல்லும்வரை எதற்கும் அடிக்காதே" என்றார். விதியும் அதுதான். அங்கே எங்கள் ஆள் நிற்காவிட்டால் அடிக்கக் கூடாது. பத்து நிமிடம் பொறுத்தேன். பிறகு, மணி அடிக்கிறதா என்று மட்டும் பார்த்து வைத்தால் கிளின் வந்ததும் என் சுறுசுறுப்பைப் பாராட்டுவார் என்று தோன்றியது. நாற்பத்தொன்றுக்கு அடித்தேன்.

ஆறு தரம் மணி அடித்தது. ஏழாவது தரம் யாரோ எடுத்தார்கள்.

பேச்சில்லை. மூச்சு மட்டும். உள்ளே இழுத்து, வெளியே விட்டு, ஏதோ துணிக்குள்ளால் வருவதுபோலக் கனமான மூச்சு. பின்னால் அந்தச் சொட்டு.

நான் பாடமாக்கி வைத்திருந்த ஆங்கில வாக்கியத்தைச் சொன்னேன். "கட்டுப்பாட்டு அறை பேசுகிறது, எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லவும்." மறுமொழி இல்லை. இன்னொரு தரம் சொன்னேன். மூச்சு மட்டும்தான்.

"என்னடா இது, ஒருத்தரும் கதைக்கினமில்லை," என்று எனக்கு நானே முணுமுணுத்தேன். தமிழில்.

மூச்சு நின்றது.

சொட்டு விழும் சத்தம் மூன்று தரம் கேட்டது. பிறகு, மிக மெதுவாக:

"ஆர் அது?"

 காதிலிருந்த கருவியைக் கழற்ற நினைத்தேன், கை வரவில்லை.

"நீங்கள்... எங்க நிக்கிறியள்?" என்றேன்.

"கடலுக்குக் கீழ."

"தனியவோ?"

"ஓம். மற்ற எல்லாரும் போயிட்டினம்."

அந்த வார்த்தையில்தான் எனக்குப் புத்தி முழுதாகக் கழன்றது. என் வாய் தானாகக் கேட்டது. "ரவியோ?"

 மறுமொழி வந்தபோது அந்தக் குரல் நடுங்கிற்று.

"ஓம். ரவிதான். என்ர பேர் எப்பிடித் தெரியும்? எங்கையிருந்து கதைக்கிறியள்?"

"மேலயிருந்து," என்றேன். (நான் லண்டனைத்தான் சொன்னேன்.)

"என்னைக் கூட்டிக்கொண்டு போகவோ எடுத்தனீங்கள்? எனக்கு அக்கா ஒராள் இருக்கிறா. அவவுக்கு வேற ஒருத்தரும் இல்லை. இப்ப என்னால வரேலாது..."

பிறகு கைபிடி விழுந்தது. அது கம்பியில் தொங்கிச் சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது. டொக். டொக். டொக். சீராக, அவசரமில்லாமல், வெளியே நிற்கிற ஒருவர் உள்ளே விடச்சொல்லித் தட்டுவதுபோல.

எங்கள் ரவிக்கு அக்கா கிடையாது. அவன் ஒரே பிள்ளை. பத்து வருடம் பக்கத்தில் இருந்தவனுக்கு இது அந்த நேரத்தில் உறைக்கவில்லை. படிகளில் நான் ஏறியதாக ஞாபகம் இல்லை. மேசையில் பிஸ்கற்றோடு இருந்த ஜோன் அம்மையாரின் முன்னால் நின்றேன் என்பது மட்டும் ஞாபகம். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "நாற்பத்தொன்றில் ஒரு இறந்த மனிதர் இருக்கிறார்" என்றேன்.

பேய் என்ற சொல் அப்போது எனக்கு ஆங்கிலத்தில் வரவில்லை. வந்திருந்தால் எத்தனையோ பேர் அன்று நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

ஜோன் அம்மையார் பிஸ்கற்றைக் கீழே வைத்தார். "நிச்சயமாகவா?"

"நிச்சயம். எனக்கு அவரைத் தெரியும்."

"பெயர்?"

"ரவி."

அவர் அதை எழுத்துக்கூட்டி எழுதினார். பிறகு கென்டில் இருந்த சுரங்க வாசல் அலுவலகத்துக்கு அடித்து, நடுங்காத குரலில் அறிவித்தார். உள்ளே போகிற ஒவ்வொருவரும் தன் பேர் பொறித்த ஒரு பித்தளை வில்லையை வாசல் பலகையில் கொழுவிவிட்டுப் போகவேண்டும். அவர்கள் பலகையைப் பார்த்தார்கள். ரவி என்று ஒருவர் உள்ளே இருந்தார். கம்பி இழுக்கிற வேலை, நாற்பத்தொன்றுக்குப் பக்கத்தில். என் வாழ்க்கையில் நான் கொடுத்த தகவல்களில் இவ்வளவு துல்லியமானது வேறொன்று இல்லை.

நடந்தது இதுதான். அந்த ரவி கிழக்கு லண்டன் அப்டன் பார்க்கில் இருந்து வேலைக்குப் போகிற பெடியன். அவனோடு நின்றவர்கள் கம்பி உருளை எடுத்துவரப் போயிருந்தார்கள். தூசிக்கு முகமூடி போட்டபடி தனியாக நின்றவனுக்குப் பக்கத்தில், இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை என்று சொல்லப்பட்டிருந்த தொலைபேசி மணி அடித்தது. எடுத்தால் ஒரு குரல் தமிழில் கதைக்கிறது. பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. மேலிருந்து பேசுகிறேன் என்கிறது. வேறு யார் என்று நினைப்பான்?

அவன் கைபிடியை விட்டுவிட்டு ஓடினான். மீட்புக் குழு எதிர்ப்பக்கமிருந்து வண்டியில் வந்தது. சுரங்கத்தில் வேலை முழுவதும் நிறுத்தப்பட்டிருந்தது. ஓடிவந்தவனை மறித்து, "இறந்தவர் எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். "தொலைபேசியில்" என்று அவன் கையைக் காட்டியிருக்கிறான். இரண்டு பேர் அவனை வண்டியில் இருத்திப் போர்வையால் மூட, மற்ற நாலு பேரும் நாற்பத்தொன்றுக்குப் போய்த் தேடினார்கள். அவன் பேரை அவனிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

இதற்கிடையில் வாசல் அலுவலகத்தில் யாரோ ஒருவர் அவசரப்பட்டுவிட்டார். அப்டன் பார்க்கில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்த அவனுடைய அக்காவுக்குத் தொலைபேசி போய்விட்டது.

அவன் உயிரோடு வெளியே வந்து, வில்லையைத் திருப்பி எடுக்கப் பேரைச் சொன்னபோதுதான் எல்லாம் வெளித்தது. சங்கிலியாகக் கேள்விகள் கேட்டுக் கேட்டு, கடைசியில் அவை என்னிடம் வந்து நின்றன. ஜோன் அம்மையார் கேட்டார். "அவர் இறந்துவிட்டதாக உனக்கு யார் சொன்னது?"

"அவர்தான்," என்றேன்.

அவர் எழுந்து கேத்திலைப் போட்டார். பிறகு எனக்குத் தேத்தண்ணி ஊற்றி, தான் எப்போதும் போடாத அளவு சீனி போட்டுத் தந்தார். வேலை போகவில்லை. ஆனால் அதன்பிறகு நான் தொலைபேசிகளைப் பெட்டியில் அடுக்குகிற பகுதியில்தான் இருந்தேன். அறிக்கையில் நாற்பத்தோராம் தொலைபேசிக்கு எதிரே, "குரல் மிகத் தெளிவு" என்று எழுதியிருந்தார்கள்.

அடுத்த நாள் மன்னிப்புக் கேட்க அப்டன் பார்க்குக்குப் போனேன். கதவைத் திறந்தது அக்காதான். மலர். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"நீங்களோ யமன்?" என்றாள்.

அவளுக்குப் பின்னால் ரவி எட்டிப் பார்த்தான். என் குரலைக் கேட்டதும் திரும்பவும் உள்ளே போய்விட்டான்.

கையில் கொண்டுபோன பழங்களை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "கடை வாசலில தலை சுத்தி விழுந்தனான். சனமெல்லாம் வந்திட்டுது. பக்கத்து வீட்டு மனிசி செத்தவீட்டுக்கெண்டு பிளாஸ்க்கில கோப்பி கொண்டு வந்தவ. ஒண்டரை மணித்தியாலம் தம்பி இல்லாதவளா இருந்தனான். அதை எனக்கு எப்பிடித் திருப்பித் தரப்போறியள்?"

 பழங்களோடு வாசலிலேயே நின்றேன். பிறகு, நான் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். என்னோடு படித்த ரவியையும், அந்த வள்ளத்தையும், அந்தக் குரலை ஏன் நம்பினேன் என்பதையும்.

அவள் கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளையின்ர அம்மாவுக்கு ஆரும் போன் எடுக்கேல்லையோ?"

"இல்லை."

"உள்ள வாங்கோ," என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை விரித்துச் சொன்னால் என் மனைவிக்குப் பிடிக்காது. சுருக்கமாகச் சொன்னால், மூன்றாம் வருடம் மலருக்கும் எனக்கும் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கால் கழுவிவிட வேண்டிய மச்சான் ரவி, செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, "அத்தான், இந்தமுறை கூட்டிக்கொண்டு போக வந்தது என்னை இல்லைத்தானே?" என்றான். மண்டபத்தில் முன்வரிசை முழுக்கச் சிரித்தது. ஜோன் அம்மையாரும் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவருக்கு யாரோ அதை மொழிபெயர்த்துச் சொல்ல, மற்றவர்கள் ஓய்ந்த பிறகு அவர் தனியாகச் சிரித்தார்.

இன்றைக்கும் மலர் என்னைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்துகிற விதம் ஒன்றுதான். "இவர்தான் என்ர மனிசன். முதல்ல என்ர தம்பியைச் சாக்காட்டினவர், பிறகுதான் என்னைக் கட்டினவர்." ரவி ஒரு விசேஷத்துக்கு நேரத்துக்கு வராவிட்டால், "அத்தான் ஒருக்கா அடிச்சுப் பாக்கட்டும், உயிரோட இருந்தா பயத்தில ஓடி வருவான்" என்று யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள்.

சுரங்கத்தில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கி ஒரு வருடத்துக்குப் பிறகு, பாரிஸில் ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். கென்டின் வயல்கள் ஓடி மறைந்தன, பெட்டி திடீரென்று இருண்டு, ஜன்னலில் எங்கள் முகங்கள் மட்டும் தெரிந்தன. எதிர் இருக்கையில் ரவி பகிடி விட்டுக்கொண்டிருந்தவன் பேச்சை நிறுத்திவிட்டான்.  கண்ணாடியில் நெற்றியை வைத்து வெளியே பார்த்தேன். சுவரில் சின்னச் சின்ன வெளிச்சங்கள் விழுந்து விழுந்து போயின. ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

மலர் தன் கையால் என் வாயைப் பொத்தினாள்.

"பேசாமல் இருங்கோ," என்றாள். அவள் சிரிக்கவில்லை. "இஞ்ச நீங்கள் ஒண்டும் கேக்கக் கூடாது. கேட்டா ஆராவது மறுமொழி சொல்லிப்போடுவினம்."

பிரான்ஸ் வெளிச்சம் வரும்வரை அந்தக் கையை அவள் எடுக்கவில்லை.